ஆங்கில வாக்கியத்தில் எந்தச் சொல் எந்த வகை? கடைசிச் சொல்லில் கோடு போடாதீர்கள்

ரங்கூனில் ஞாயிறு காலை, கோயில் மண்டபத்தில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் ஆங்கில நோட்டை நீட்டுவார்கள். "சயாமா (டீச்சர்), இதுல வெர்ப் (வினை) எது?" கேட்கும் முன்பே பென்சிலால் ஒரு கோடு போட்டிருப்பார்கள். பத்தில் எட்டுப் பேர் போட்டது வாக்கியத்தின் கடைசிச் சொல்லில்.

இதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டில் பேசும் தமிழிலும் பள்ளியில் படிக்கும் பர்மிய மொழியிலும் வினை கடைசியில்தான் வந்து உட்காரும். ஆங்கிலத்தில் அது நடுவில் கிடக்கும். நானும் படிக்கும் காலத்தில் இப்படிக் கோடு போட்டு, ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பு மை வாங்கியவள்தான்.

நம் இலக்கணம் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என்று நான்காகப் பிரிக்கிறது. ஆங்கிலப் பாடப்புத்தகம் வழக்கமாக எட்டு என்கிறது. எட்டின் வரையறையையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு வாக்கியத்தை எடுத்துப் பிரித்துப் பார்ப்போம்:

மை பிரதர் சோல்ட் ஹாட் தோசா அட் தி மார்க்கெட்.

படி 1: முதலில் வினை

வாக்கியத்தை நாளைக்குத் தள்ளுங்கள். மை பிரதர் வில் செல் ஹாட் தோசா அட் தி மார்க்கெட். பிரதர் அசையவில்லை, தோசா அசையவில்லை, மார்க்கெட்டும் அப்படியே. சோல்ட் மட்டும் வில் செல் ஆகிவிட்டது. காலத்தை மாற்றினால் எது மாறுகிறதோ அதுதான் வெர்ப். பர்மிய மொழியில் வாக்கியம் 'தெ' என்று முடிந்தால் நடந்தது அல்லது நடப்பது, 'மெ' என்று முடிந்தால் இனி நடக்கப்போவது. அந்தத் தெ, மெ ஒட்டுகிற சொல்லைத்தான் ஆங்கிலத்தில் தேடுகிறோம் என்று சொன்னால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடுகிறது.

ஒரு வழுக்கல் உண்டு. 'அவர் ஆசிரியர்' என்று தமிழில் வினையே இல்லாமல் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் ஹி இஸ் எ டீச்சர். அந்தக் குட்டி இஸ்தான் அங்கே வெர்ப். சந்தேகம் இருந்தால் நேற்றுக்குத் தள்ளுங்கள், இஸ் வாஸ் ஆகிவிடும்.

படி 2: வினையிடம் கேள்வி கேளுங்கள்

யார் விற்றது? பிரதர். எதை? தோசா. எங்கே? மார்க்கெட். மூன்றும் நவுன், அதாவது பெயர்ச்சொல். முன்னால் மை அல்லது தி வைத்துப் பாருங்கள், பொருந்தும். மை பிரதர் என்பதற்குப் பதிலாக ஹி என்று போட்டால் அது ப்ரோநவுன். ஹி வந்ததும் மையும் சேர்ந்து போய்விடுகிறது. மை ஹி என்று எழுதும் பிள்ளைகள் வாரம் ஒருவராவது கிடைக்கிறார்கள்.

எ, தி போன்றவற்றைப் பழைய புத்தகங்கள் அட்ஜெக்டிவில் (பெயரடையில்) சேர்க்கும், புதியவை டிடர்மினர் என்று தனியாக வைக்கும். உங்கள் பள்ளிப் புத்தகம் எப்படிச் சொல்கிறதோ அப்படியே எழுதுங்கள்.

படி 3: ஆன, ஆக

இது தமிழ் தெரிந்தவர்களுக்குக் கிடைத்த குறுக்குவழி. சொல்லைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ஹாட் தோசா என்றால் சூடான தோசை. 'ஆன' வந்தால் அட்ஜெக்டிவ். 'ஆக' வந்து, செயல் எப்படி நடக்கிறது என்று சொன்னால் அட்வெர்ப் (வினையடை). தி ஸ்லோ டிரெய்ன் மூவ்ஸ் ஸ்லோலி: மெதுவான ரயில் மெதுவாகப் போகிறது. ரங்கூனைச் சுற்றி ஏறக்குறைய 46 கிலோமீட்டர் போகும் வட்ட ரயிலில் ஏறியவர்களுக்கு இரண்டு சொல்லும் மறக்காது.

லி என்று முடிந்தால் அட்வெர்ப் என்று சொல்லித்தருகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஃப்ரெண்ட்லி என்பதும் லியில்தான் முடிகிறது. ஆனால் எ ஃப்ரெண்ட்லி டீச்சர் என்றால் அன்பான ஆசிரியர், அதாவது அட்ஜெக்டிவ். ஃபாஸ்டில் லியே இல்லை. ஆனாலும் ரன்ஸ் ஃபாஸ்ட் என்றால் வேகமாக ஓடுகிறது, அட்வெர்ப்.

'ஆன' இல்லாத நல்ல, பெரிய போன்றவையும் பெயருக்கு முன்னால் வந்தால் அட்ஜெக்டிவ்தான். நம் வாக்கியத்தின் கடைசியில் எஸ்டர்டே சேர்த்தால், அது சோல்டோடு சேர்ந்து எப்போது என்று சொல்கிறது, வெரி ஹாட்டில் வெரி எவ்வளவு என்று சொல்கிறது. இரண்டையும் அட்வெர்ப் பக்கம் போடுங்கள்.

படி 4: வேற்றுமை உருபைத் திருப்பிப் போடுங்கள்

சந்தையில் என்பதில் 'இல்' பின்னால் ஒட்டுகிறது. பர்மிய மொழியிலும் ஸே என்ற சந்தைக்குப் பின்னால்தான் 'மா' வருகிறது. ஆங்கிலம் அதையே பிரித்து முன்னால் வைக்கிறது: அட் தி மார்க்கெட். அந்த அட்தான் ப்ரெபொசிஷன். ரங்கூனிலிருந்து பகோவுக்கு ரயிலில் என்று எழுதி இருந்து, கு, இல் மூன்றையும் வட்டமிடுங்கள். ஃப்ரம் ரங்கூன் டு பகோ பை டிரெய்ன். ஃப்ரம், டு, பை அதே வரிசையில் நிற்கின்றன, பெயருக்கு முன்னால் என்பது மட்டும்தான் வித்தியாசம். ஆனால் டுவுக்குப் பின்னால் ஈட் மாதிரி ஒரு வினை வந்தால் அந்த டு ப்ரெபொசிஷன் இல்லை.

மீதி இரண்டு சுலபம். அண்ட், பட், பிகாஸ் போல இணைப்பவை கன்ஜங்ஷன். ஓ, ஆஹா, ஐயோ வகையறா இன்டர்ஜெக்ஷன்.

படி 5: அதே சொல், வேறு வேலை

பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவான தின்ஜான் பண்டிகையில் தே த்ரோ வாட்டர். மறுநாள் தே வாட்டர் தி பிளான்ட்ஸ். முதல் வாட்டர் நவுன், இரண்டாவது வெர்ப். நேற்றுக்குத் தள்ளினால் இரண்டாவது மட்டும் வாட்டர்ட் ஆகும். சொல்லைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு இது என்ன வகை என்று கேட்டால் பதில் வராது. இந்த வாக்கியத்தில் என்ன வேலை செய்கிறது என்று கேளுங்கள்.

சரி, ரவுண்டை எடுத்துக்கொள்ளுங்கள். எ ரவுண்ட் டேபிள். எ ரவுண்ட் ஆஃப் டீ. தி டிரெய்ன் கோஸ் ரவுண்ட் தி சிட்டி. மூன்றும் மூன்று வகை. நோட்டில் எழுதிப் பார்த்துவிட்டு, ரவுண்ட் வினையாக வரும் வாக்கியம் ஒன்றை நீங்களே எழுதுங்கள்; நேற்றுக்குத் தள்ளும்போது அது ரவுண்டட் என்று மாற வேண்டும்.