பழைய சூப்பர் ஹீரோ காமிக்ஸும் ராக் சைட் புராஜெக்ட்களும்: திரும்பப் போகும்போது தவிர்க்க வேண்டியவை

அறுபதுகளின் அமெரிக்க சூப்பர் ஹீரோ காமிக்ஸையும், பெரிய ராக் குழுக்காரர்கள் தனியாகப் போட்ட ரெக்கார்டுகளையும் மறுபடி எடுத்துப் பார்க்கும் ரசிகர்கள் பலர் பாதியிலேயே மூடிவைத்துவிடுகிறார்கள். இவற்றை எப்படி, எந்த வேகத்தில், யாருக்காகச் செய்தார்கள் என்பதைக் கவனிக்காமல் நம் வசதிக்கு அணுகுவதுதான் பெரும்பாலும் காரணம். இரண்டுமே மனதுக்கு நெருக்கமானவை என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் தவறு, மொத்தமாக விழுங்கப் பார்ப்பது. எழுத்தாளர் ஸ்டான் லீயும் ஓவியர் ஜாக் கிர்பியும் சேர்ந்து 1961 முதல் 1970 வரை ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ இதழ்கள் 102 செய்தார்கள். பெரும்பாலும் மாதத்துக்கு ஒன்று, இருபது பக்கத்தைச் சுற்றி. கடையில் அதைக் கையில் எடுக்கும் பையனுக்கு அதுவே முதல் இதழாக இருக்கலாம். அதனால் யாருக்கு என்ன சக்தி, போன மாதம் என்ன நடந்தது என்பதை ஒவ்வொரு முறையும் திரும்பச் சொல்வார்கள். இன்று கெட்டி அட்டைத் தொகுப்பை வாங்கி ஒரே ராத்திரியில் பத்து இதழ் படித்தால் சலிப்புத்தான் வரும். நாளைக்கு ஒன்று போதும். கதை அறுபடாமல் ஓடும் இடங்களில் மட்டும் சேர்த்துப் படியுங்கள். கலாக்டஸ் பூமியைத் தின்ன வரும் 48 முதல் 50 வரையிலான 1966 இதழ்கள் அப்படிப்பட்டவை.

நம் இரும்புக்கை மாயாவிக்கும் இது பொருந்தும். 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியதே அவரை வைத்துத்தான். ஆனால் பிரிட்டனில் அது ‘வேலியன்ட்’ வார இதழில் வாரத்துக்குச் சில பக்கமாக வந்த தொடர். ஒவ்வொரு தவணையும் ஓர் ஆபத்தில் முடிந்தாக வேண்டும். முழுப் புத்தகமாகப் படிக்கும்போது மாயாவி எதற்காக இத்தனை முறை மாட்டிக்கொள்கிறார் என்று தோன்றினால், காரணம் இதுதான். (ஸ்பைடர்மேன் அல்ல, பிரிட்டிஷ் காமிக்ஸ் நாயகன் ஸ்பைடர்; அவர் ரசிகர்களுக்கு ஒரு செய்தி: அந்தத் தொடரின் கதைகள் பலவற்றை எழுதியவர், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல்.)

அப்புறம், ஒன்றாம் இதழிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்ற பிடிவாதம். எக்ஸ்-மென் 1963இல் வந்தது. விற்பனை சரிந்ததால் 1970 முதல் 1975 வரை பழைய கதைகளையே மறுபதிப்பாகப் போட்டு ஓட்டினார்கள். நாம் இன்று கொண்டாடும் எக்ஸ்-மென், 1975இல் லென் வெய்ன் எழுதி டேவ் காக்ரம் வரைந்த சிறப்பிதழில்தான் பிறக்கிறது. அங்கே தொடங்கி, எழுத்தாளர் கிறிஸ் கிளேர்மான்ட் வளர்த்த கதையோடு போய்விட்டு, பிறகு பொறுமை இருந்தால் 1963க்குத் திரும்பலாம். வரிசை எண் நூலகத்துக்கு முக்கியம். வாசகருக்கு அவ்வளவு கட்டாயமில்லை.

இதையெல்லாம் விடப் பெரிய தவறு ஒன்று உண்டு: பெயர்ப் பட்டியலை அப்படியே நம்புவது. இந்தக் காமிக்ஸை வெளியிட்ட மார்வெலில் அன்று முழுக் கதைவசனத்தை எழுதிக்கொடுத்துப் படம் வரையச் சொல்லவில்லை. கதையைப் பற்றி ஒரு பேச்சு நடக்கும். ஓவியர் போய் எல்லாப் பக்கங்களையும் வரைந்து வருவார். அதன் பிறகுதான் வசனம். எந்தக் காட்சி எத்தனை கட்டம், எங்கே நிறுத்துவது, எங்கே வேகம் எடுப்பது என்பதெல்லாம் ஓவியர் கையில் இருந்தது. ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ இதழில் 1965இலிருந்து கதையமைப்பு ஓவியர் ஸ்டீவ் டிட்கோவுடையது என்று அச்சிலேயே வந்தது. ‘எழுத்து: ஸ்டான் லீ’ என்பதை மட்டும் பார்த்து நல்லதையும் கெட்டதையும் ஒரே ஆளின் கணக்கில் எழுதுவது நியாயமே இல்லை.

இதைக் கண்ணால் பார்க்க 33ஆம் இதழை எடுங்கள். ஸ்பைடர்மேனாகிய பீட்டரின் அத்தை மே மருத்துவமனையில் சாகக் கிடக்கிறார். அவருக்கான மருந்து பீட்டரின் கண்ணெதிரே, கைக்கு எட்டாத தூரத்தில். அவன் மேல் ஒரு பெரிய இயந்திரம் விழுந்து அழுத்துகிறது, சுற்றிலும் தண்ணீர் ஏறுகிறது. டிட்கோ இந்த ஒரு தருணத்துக்குப் பக்கம் பக்கமாக இடம் ஒதுக்குகிறார். முதலில் சின்னச் சின்னக் கட்டங்கள், குறுகி நசுங்கிய உடல். மெல்லக் கட்டங்கள் பெரிதாகின்றன. கடைசியில் இயந்திரத்தைத் தூக்கி எறியும்போது முழுப் பக்கமும் அவனுக்கே. வசனங்களை மூடிவைத்துவிட்டுப் பார்த்தாலும் தொண்டை அடைக்கும். அதே சமயம், லீயின் வசனம் தேவையற்ற ஒட்டு என்று ஒதுக்குவதும் தவறு. அந்தப் பையனின் பதற்றமும் பிடிவாதமும் நம் காதில் கேட்பது அந்த வார்த்தைகளால்தான். டிட்கோ 38ஆம் இதழோடு விலகினார். 39ஆம் இதழில் ஜான் ரொமிட்டா வந்ததும் பீட்டரின் முகமே களையாகிவிடுகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஓவியர் மாறினால் கதாபாத்திரமே எவ்வளவு மாறுகிறது என்று தெரியும்.

வண்ணம் பற்றி ஒரு சொல். மட்டமான செய்தித்தாள் காகிதம் மையை உறிஞ்சி மங்கலாக்கும் என்று தெரிந்தே அந்த வண்ணங்களைத் தேர்ந்தார்கள். பளபளக்கும் வெள்ளைத் தாளில் அதே வண்ணம் கண்ணைக் குத்தும். முடிந்தால் பழைய இதழின் ஸ்கேனையோ, மங்கலான தாளில் வந்த பதிப்பையோ பாருங்கள்.

அந்தக் காலத்துப் பார்வைகளை எப்படி எடுத்துக்கொள்வது? ‘காலம் அப்படி’ என்று எல்லாவற்றையும் மன்னிப்பதும் சரியில்லை, ஒரே வரியில் தூக்கி எறிவதும் சரியில்லை. ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ குழுவின் ஒரே பெண்ணான ஸூ ஸ்டார்மை எடுத்துக்கொள்ளுங்கள். அவளால் குழுவுக்கு என்ன பயன் என்று வாசகர்கள் கடிதம் எழுதினார்கள். 1963இல் வந்த 11ஆம் இதழில் அதற்குக் கதைக்குள்ளேயே பதில் சொல்கிறார்கள்: குழுத் தலைவர் ரீட், ஆபிரகாம் லிங்கனின் தாயை உதாரணம் காட்டி அவளுக்காக வாதாடுகிறார். பெண்ணின் பெருமை ஆணுக்குத் துணை நிற்பதில்தான் என்று ஆகிவிடுகிறது. குற்றச்சாட்டை விட அந்த வக்காலத்துதான் அதிகம் உறுத்துகிறது. ‘இன்விசிபிள் கேர்ள்’ என்ற அவளது நாயகிப் பெயர் ‘இன்விசிபிள் வுமன்’ ஆனது 1985இல், ஜான் பர்ன் கையில். அன்றைய வாசகர்களே கேள்வி கேட்டார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு படித்தால், ‘அப்போது யாருக்கும் உறைக்கவில்லை’ என்ற சாக்கு நிற்காது.

காமிக்ஸும் ராக்கும் நேராகவே கைகோத்த இடம், நால்வர் கொண்ட அமெரிக்க ராக் குழுவான கிஸ். 1977இல் அவர்களை நாயகர்களாக்கி மார்வெல் வெளியிட்ட இதழின் சிவப்பு மையில் நால்வரின் ரத்தத்தையும் கலந்தார்கள். அடுத்த வருடம், 1978 செப்டம்பர் 18 அன்று, நால்வரும் ஒரே நாளில் ஆளுக்கொரு தனி ஆல்பம் வெளியிட்டார்கள். அட்டை ஓவியங்கள் ஒரே பாணி. அதனால் எல்லாரும் செய்த தவறு, நான்கையும் கிஸ் ஆல்பமாகவே கேட்டு யார் ஜெயித்தது என்று மார்க் போட்டது. பீட்டர் கிரிஸின் ரெக்கார்டு சோல், ரிதம் அண்ட் புளூஸ் பக்கம் சாய்ந்தது. அதில் கனமான கிதாரைத் தேடினால் கிடைக்காது. ஒரு டிரம்மர் தான் விரும்பிய பாட்டைப் பாடுகிறார் என்று கேட்டால் அதற்கொரு இதம் உண்டு. கிதார் வாசித்த ஏஸ் ஃப்ரேலியின் ஆல்பம்தான் நான்கில் மேல் என்று பெரும்பாலான ரசிகர்கள் சொல்வார்கள், நானும் அந்தக் கட்சிதான். ஆனால் நான்கையும் ஒரே உட்காரலில் கேட்காதீர்கள்.

தாய்க்குழுவின் நிழலாக மட்டும் சைட் புராஜெக்டைப் பார்ப்பதும் இதே ரகம். டாக்கிங் ஹெட்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் டினா வேமத்தும் கிறிஸ் ஃப்ரான்ஸும் 1981இல் பஹாமாஸில் பதிவு செய்த டாம் டாம் கிளப் ஆல்பத்தில் டினாவின் சகோதரிகளும் பாடுகிறார்கள். விளையாட்டும் நடனமுமான ரெக்கார்டு. அதன் ‘ஜீனியஸ் ஆஃப் லவ்’ தாளத்தை 1995இல் பாடகி மரையா கேரி எடுத்தாண்டார். ஓய்வு நேர வேலை என்று தள்ளப்பட்ட ஒன்றிலிருந்து ஹிப்-ஹாப்பும் ஆர் அண்ட் பியும் எவ்வளவோ எடுத்துக்கொண்டன.

மறுவெளியீட்டுப் பெட்டிகளில் கவனம் தேவை. குவீன் குழுவின் கிதார் கலைஞர் பிரையன் மே, வான் ஹேலன் குழுவின் கிதார் கலைஞர் எடி வான் ஹேலனோடு 1983 ஏப்ரலில் இரண்டே நாளில் பதிவு செய்த ‘ஸ்டார் ஃப்ளீட் புராஜெக்ட்’ மூன்றே பாடல்கள் கொண்டது. இரண்டாம் பக்கம் முழுக்க சுமார் 13 நிமிட புளூஸ் வாசிப்பு. 2023இல் அதன் ஒத்திகை, தவறிய டேக் எல்லாம் சேர்த்துப் பெரிய பெட்டியாக வந்தது. நேராக அதில் குதித்தால் ஒரே பாட்டைப் பலமுறை கேட்டுக் களைத்துவிடுவீர்கள். முதலில் அந்த மூன்றை மட்டும், பக்கம் மாற்றும் இடைவெளியோடு கேளுங்கள். எடி வாசிப்பது பிடித்துப்போனால் மற்ற டேக்குகளுக்குப் போகலாம். அப்போது அவை புதையல்.

விலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1991இல் புதிதாகத் தொடங்கிய இன்னொரு எக்ஸ்-மென் தொடரின் முதல் இதழ் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது, பலர் முதலீடு என்று பிரிக்காமல் வைத்தார்கள், இன்றும் சல்லிசாகக் கிடைக்கிறது. படிக்க வாங்குங்கள்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ 51ஆம் இதழ், 1966. ஒரே இதழில் முடியும் கதை, முன்கதை அதிகம் தெரிய வேண்டாம், கிர்பி உச்சத்தில் இருக்கிறார். ரெக்கார்டு பக்கம் டாம் டாம் கிளப். அது பிடித்தால், அதே 1981இல் டாக்கிங் ஹெட்ஸின் பாடகர் டேவிட் பர்ன், இசைத் தயாரிப்பாளர் பிரையன் ஈனோவோடு செய்த ஆல்பத்தையும் கேளுங்கள். ஒரே குழுவிலிருந்து கிளம்பியவர்கள் எவ்வளவு வேறு திசைகளில் போனார்கள் என்று தெரியும்.