டேங்க் மூடிதான் ஆள்

அப்பாட பழைய ஹோண்டா சிடி 125, பெயிண்ட் குரோம் எல்லாம் முடிச்சு எடுத்தாச்சு, ஆனா புகை டெஸ்ட்டுக்குக் கொண்டு போனா வழியிலயே நிண்டுடும். வெள்ளவத்தையில வெளிக்கிட்டா பம்பலப்பிட்டி தாண்டாது. பத்து நிமிசம் ஓரமா நிப்பாட்டி வைச்சா ஒண்டும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும்.

சூடேறித்தான் நிக்குது எண்டு நினைச்சு பிளக் மாத்தி, வாகன சாமான் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தைக்குப் போய் கண்டென்சர் வாங்கிப் போட்டு, காயிலும் மாத்திப் பாத்தன், எல்லாம் தீப்பொறி வாற பக்கத்துச் சாமான். கார்புரேட்டர் மூண்டு தரம் கழுவினது. நாலு நாள் போச்சு.

ஒரு விசயம்தான் இடிச்சுக்கொண்டே இருந்திச்சு, டேங்க் நிறைய பெட்ரோல் இருக்கிற அண்டுதான் கெதியா நிக்குது, பாதி இருந்தா கொஞ்சம் கூடத் தூரம் போகுது. சூட்டுப் பிரச்சினை எண்டா பெட்ரோல் அளவு என்னத்துக்கு? அடுத்த தரம் நிண்ட உடன ஆறவிடாம மூடியைத் திறந்தன், உஸ்ஸெண்டு காத்து உள்ள இழுத்துது, ஒரே கிக்கில ஸ்டார்ட்!

குரோம் போட்ட இடத்தில பாலிஷ் மாவு மூடியில இருக்கிற ஊசி அளவு காத்து ஓட்டையில போய் இறுகியிருந்திச்சு. காத்து உள்ள போகாட்டி பெட்ரோல் கீழ இறங்காது, டேங்க் நிறைஞ்சிருந்தா மேல இருக்கிற காத்து குறைவு, கொஞ்சம் பெட்ரோல் இறங்கினதுமே உள்ள இழுவை வந்து மிச்சத்தைப் பிடிச்சு வைச்சிடும், அதுதான் கெதியா நிண்டது. ஒவ்வொரு தரமும் பெட்ரோல் இருக்கோ எண்டு மூடியைத் திறந்து பாத்த மெக்கானிக் பாஸ் தெரியாமலே அதைச் சரியாக்கிக்கொண்டு இருந்திருக்கிறார்.

மண்ணெண்ணெயில ஊறவைச்சு மெல்லிய கம்பியால குத்தி எடுத்தன். மற்ற நாள் புகை டெஸ்ட் பாஸ், இன்சூரன்ஸோட சேத்துக் குடுத்து றோட்டில ஓட வேண்டிய வருச ரெவன்யூ லைசன்ஸும் எடுத்தாச்சு. அப்பாடா. அந்தப் பழைய கண்டென்சர் நல்லாத்தான் இருக்கு, வைச்சிருக்கிறன்.