ஹோம் சர்வருக்குச் சத்தம் போடாத எஸ்.எம்.பி.எஸ். எப்படிப் பார்த்து வாங்குவது

எஸ்.எம்.பி.எஸ்., அதாவது கம்ப்யூட்டருக்குள் மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கிற பெட்டி, வாங்கப் போனால் கடையில் முதலில் கேட்பது எத்தனை வாட் வேண்டும் என்றுதான். கேமிங் மெஷினுக்கு அது சரி. ஹாலிலோ படுக்கையறையிலோ ராப்பகலாக ஓடப்போகிற சர்வருக்கு, அதாவது வீட்டு ஃபைல்களைச் சேர்த்து வைக்கிற கம்ப்யூட்டருக்கு, அதைவிட முக்கியம், வெறும் 40, 50 வாட் இழுக்கும்போது உள்ளே இருக்கிற ஃபேன் என்ன செய்கிறது என்பது, ஏனென்றால் நாளில் பாதிக்கு மேல் அது சும்மாதான் கிடக்கும்.

அதற்கு முன்னால் சத்தம் அங்கிருந்துதான் வருகிறதா என்று பாருங்கள். பேப்பரைக் குழாயாகச் சுருட்டி ஒரு முனையைக் காதில் வைத்து, கேபினெட்டைச் சுற்றிக் கேட்டாலே போதும். விட்டுவிட்டுக் கரகரவென்றால் ஹார்ட் டிஸ்க், அதற்கு ரப்பர் வாஷர்தான் மருந்து, புது எஸ்.எம்.பி.எஸ். வாங்கிப் பயனில்லை. ஒரே சீராக உஸ்ஸென்று வந்தால் ஃபேன். லோடு ஏற இறங்க மாறுகிற மெல்லிய கீச்சுச் சத்தம் என்றால் உள்ளே இருக்கிற காயில் (கம்பிச் சுருள்) அதிர்கிறது. இது ஃபேனே இல்லாத மாடலிலும் வரும்.

வாட் கணக்கு சுலபம். 3.5 இஞ்ச் டிஸ்க் ஒன்று சுழல ஆரம்பிக்கும் சில விநாடிகளுக்கு 20 முதல் 25 வாட் வரை இழுக்கும். ஆறு டிஸ்க் என்றால் 150, போர்டுக்கும் பிராசசருக்கும் ஒரு 100 என்று தாராளமாகவே வைத்தாலும் 250தான் வருகிறது. கிராஃபிக்ஸ் கார்டு இல்லாதவரை நல்ல 450 அல்லது 550 வாட் போதும். எதற்கும் இருக்கட்டும் என்று 1000 வாட் வாங்கினால், 40 வாட் என்பது அதற்கு வெறும் 4 சதவீத லோடு, அந்த இடத்தில் பல மாடல்கள் மின்சாரத்தை வீணடிக்கும். 10 வாட் வீணானாலும் வருடத்துக்குக் கிட்டத்தட்ட 88 யூனிட், சர்வர் 24 மணி நேரமும் ஓடுகிறதே.

80 பிளஸ் கோல்டு ஸ்டிக்கரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது மின் சிக்கனத்துக்கான சான்று, சத்தத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. சோதிப்பதும் 20, 50, 100 சதவீத லோடில். 550 வாட்டில் 20 சதவீதம் என்றாலே 110 வாட், உங்கள் சர்வர் சும்மா இருக்கும்போது அதைத் தொடவே தொடாது. சத்தத்துக்குப் பார்க்க வேண்டியது சைபெனெடிக்ஸ் என்ற சோதனை நிறுவனம் தரும் லாம்ப்டா மதிப்பீடு: ஏ++ என்றால் 15 டெசிபலுக்குக் கீழே, ஏ+ என்றால் 15 முதல் 20, ஏ என்றால் 20 முதல் 25. அதுவும் மொத்த லோடுக்குமான சராசரிதான், அதனால் மாடல் பெயரைத் தேடி முழு அறிக்கையைத் திறந்து, குறைந்த லோடில் என்ன எண் போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

குறைந்த லோடில் ஃபேனை நிறுத்தியே வைக்கிற மாடல்கள் இப்போது நிறைய, கோர்செயர் ஆர்எம்எக்ஸ், சீசோனிக் ஃபோகஸ் மாதிரி. நல்ல விஷயம்தான், ஆனால் நம் ஊர் மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் உள்ளே சூடேறி, ஃபேன் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தால் தூக்கம் கெடும், ஒரே சீராக மெதுவாகச் சுற்றுகிற ஃபேனே அதற்குத் தேவலை. சீசோனிக்கின் பல மாடல்களில் இதற்கென்றே ஒரு பட்டன் இருக்கும், எப்போதும் ஓடுகிற மாதிரி மாற்றிக்கொள்ளலாம். முழுக்க ஃபேன் இல்லாததே வேண்டுமென்றால் சீசோனிக் பிரைம் ஃபேன்லெஸ் இருக்கிறது, விலை கனம், கேபினெட்டில் காற்றோட்டமும் வேண்டும். ஓரிரண்டு எஸ்எஸ்டி மட்டும் உள்ள சின்ன போர்டுக்கு, வெளியே ஒரு 12 வோல்ட் அடாப்டர் வைத்து ஓட்டுகிற பிகோ பிஎஸ்யு என்ற குட்டி சப்ளை போதும், சத்தம் என்ற பேச்சே இல்லை. ரேக்கிலும் சின்ன கேபினெட்டிலும் போடுகிற 1யு, ஃபிளெக்ஸ் என்ற ஒல்லி வகைகளை முடிந்தவரை தவிருங்கள். 40 மில்லிமீட்டர் ஃபேன் வேகமாகச் சுற்றித்தான் ஆக வேண்டும், 120, 135 அளவுள்ளதன் அமைதி அதில் வராது. கழற்றி வேறு ஃபேன் போடலாம் என்று சிலர் சொல்வார்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்கிற அளவு வோல்டேஜ் தங்கியிருக்கலாம், வேண்டாம்.

அப்புறம் கேபிள். பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மாடுலர் (கழற்றி மாட்டுகிற) கேபிளைப் புதியதில் செருகாதீர்கள்; முனை பொருந்தினாலும் உள்ளே பின் வரிசை வேறாக இருக்கலாம், அப்படியானால் டிஸ்க் அத்தனையும் ஒரே நொடியில் போய்விடலாம். டிஸ்க்குக்கு மின்சாரம் தருகிற சாட்டா முனைகள் எத்தனை என்று வாங்கும்போதே எண்ணிக்கொள்ளுங்கள்.

வந்து சேர்ந்ததும், திருப்பிக் கொடுக்கிற கெடு முடிவதற்குள், ராத்திரி சீலிங் ஃபேனையும் ஏசியையும் அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் ஓடவிட்டுக் கேளுங்கள், பெரிய ஃபைல் ஒன்றைக் காப்பி செய்தபடியும் ஒருமுறை. கீச்சிட்டால் தயங்காமல் மாற்றிக் கேளுங்கள், காயில் சத்தம் ஒரே மாடலில் ஒன்றுக்கு வரும், இன்னொன்றுக்கு வராது.