உசிலம்பட்டி எகோஸ்போர்ட்டும் எலி கடிச்ச வயரும்

ஃபோர்டு 2021லயே இங்க கார் தயாரிப்ப நிறுத்துறோம்னு சொல்லிட்டாங்களே, அவங்க காரப்போயி காசு குடுத்து வாங்குவாங்களான்னு வீட்ல ஒரே சத்தம். எகோஸ்போர்ட் நம்ம மறைமலை நகர்ல செஞ்ச வண்டி, வெளிநாட்டுக்கே ஏத்துமதி ஆச்சு, பார்ட்ஸ் கெடைக்காமயா போயிரும்ங்குற தைரியத்துல உசிலம்பட்டில ஒருத்தர்ட்ட 2017 டீசல் வாங்கிட்டேன். ஆறு மாசமா தென்னந்தோப்புல சும்மா நின்ன வண்டி, அத நான் அப்ப பெருசா எடுத்துக்கல.

மறுநாள் திருமங்கலம் போறப்ப மீட்டர்ல ஏபிஎஸ் (திடீர்னு பிரேக் அடிச்சா சக்கரம் லாக் ஆகாம பாத்துக்குற சிஸ்டம்) லைட் எரிஞ்சிருச்சு. பிரேக் நல்லாத்தான் புடிக்குது. மொதல்ல காட்டுன எடத்துல ஸ்கேனர் கூட மாட்டாம, "ஏபிஎஸ்ஸ கட்டுப்படுத்துற மாட்யூல் போச்சு சார், 40,000 ஆகும், கம்பெனியே போயிருச்சுல்ல"ன்னு பீதிய கெளப்பிட்டாங்க.

மனசு ஒப்பாம வண்டியோட கோளாறு கோட படிக்குற ஒரு ப்ளூடூத் ஓபிடி அடாப்டர் வாங்கி, போன்ல ஃபோர்டு வண்டிக்கான ஃபோர்ஸ்கேன் ஆப் போட்டுப் பாத்தா இடது முன்சக்கர ஸ்பீட் சென்சார்ல கோளாறுன்னு காட்டுச்சு. ஒத்தக்கடைல தெரிஞ்ச எலக்ட்ரீசியன் அண்ணன்ட்ட போனேன், சக்கரத்த கழட்டி உள்பக்க பிளாஸ்டிக்க எறக்குனா ஒரு கை தேங்கா நாரு கொட்டுது, நடுவுல சென்சார் வயர எலி கடிச்சு செம்புக்கம்பி பல்ல இளிச்சுட்டு நிக்குது.

"தம்பி, மாட்யூலா இது? எலி குடும்பமே நடத்திருக்கு"ன்னு சிரிச்சுக்கிட்டே சால்டர் வச்சு, சூடு காட்டுனா சுருங்கி வயர இறுக்கிக்குற ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு முடிச்சாரு. வெறும் இன்சுலேஷன் டேப் மட்டும் சுத்த விட்றாதீங்க, மழத்தண்ணி எறங்கிரும். ஆப்ல அந்த கோளாறு கோட அழிச்சுட்டு ரிங்ரோட்ல ஒரு ஓட்டு ஓட்டிப் பாத்தோம், லைட் வரல. செலவு 600 ரூவா, ரெண்டு டீ தனி.