அச்சில் ஊதிய ரோமானியக் கோப்பையைப் பார்க்கும் முறை

அருங்காட்சியகத்தில் ரோமானியக் கண்ணாடிப் பாத்திரங்களின் முன் நின்றால், வானவில்லைப் போன்ற மினுமினுப்புதான் முதலில் கண்ணை இழுக்கும். அது நெடுங்காலம் மண்ணில் புதைந்து கிடந்ததால் வந்ததே அன்றி, செய்தவர் கொடுத்தது அன்று. அதை விட்டுவிட்டு, பாத்திரத்தின் உடலில் மேலிருந்து கீழாக ஓடும் மெல்லிய வரியைத் தேடுங்கள்.

கி.பி. 1ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் சிரிய, பாலஸ்தீனக் கடற்கரைப் பகுதியில் வளர்ந்த, அச்சில் ஊதும் முறையில், கைவினைஞர் ஊதுகுழலின் நுனியில் எடுத்த உருகிய கண்ணாடியைப் பல துண்டுகளாகப் பிரியும் அச்சுக்குள் இறக்கி ஊதுவார். அது விரிந்து, அச்சின் உட்சுவரில் உள்ள கொடியையும் இலையையும் அப்படியே ஏற்றுக்கொள்ளும். துண்டுகள் பொருந்திய இடமே அந்த வரி. வரிகளை எண்ணினால், பக்கச்சுவருக்கான அச்சு எத்தனை துண்டுகளால் ஆனது என்பது தெரியும். தேர்ந்த கைகள் அதை அலங்காரத்துக்குள்ளேயே ஒளித்துவிடும் என்பதால், கொஞ்சம் பொறுமை வேண்டும்.

அடுத்து உட்புறத்தைப் பாருங்கள். வெளியே புடைத்திருக்கும் இடத்தில் உள்ளே மெல்லிய குழிவு தெரிந்தால் அது அச்சில் ஊதியது. உட்புறம் வழவழப்பாக இருந்தால், பிறகு செதுக்கிய வேலையாக இருக்கலாம். இலை நுனிகள் மழுங்கியிருந்தால், அச்சு தேய்ந்திருக்கலாம், அல்லது கண்ணாடி அழுந்திப் பதியும் முன்பே ஆறியிருக்கலாம்.

பிறகு எழுத்து. இருபுறமும் காதுகள் நீட்டிய சிறு சட்டத்துக்குள் கிரேக்க எழுத்துகள் இருந்தால், நின்று நிதானமாகப் படிக்கத் தகுந்த இடம் அதுதான். இன்றைய லெபனானில் உள்ள சீதோன் நகரத்தவராகக் கருதப்படும் என்னியோன் என்ற கண்ணாடிக் கைவினைஞர், ஒரு பக்கம் ‘என்னியோன் செய்தான்’ என்றும், சில கோப்பைகளில் மறுபக்கம் ‘வாங்குபவர் நினைவுகூரப்படுவாராக’ என்றும் பதித்திருக்கிறார். அச்சில் இடவலம் மாறி இருந்தால்தான் கோப்பையில் எழுத்து நேராக விழும். ஒவ்வோர் எழுத்தும் அந்தக் கவனத்தோடு அமைந்தது. அரிஸ்தியாஸ், ஜேசன், மேகெஸ் ஆகியோரும் இவ்வாறே பெயர் பொறித்தவர்கள்.

மேற்குப் பகுதிகளில் கிடைக்கும் கோப்பைகளில் லத்தீன் எழுத்துகளைக் காணலாம். இங்கிலாந்தின் கோல்செஸ்டரில் கிடைத்து, இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் கோப்பையைச் சுற்றித் தேர்ப்பந்தயம் ஓடுகிறது. ஹியராக்ஸ், ஒலிம்பஸ், அந்திலோக்கஸ் என்ற தேரோட்டிகள் மூவருக்கும் ‘போய் வா’ என்று விடைகொடுக்கும் அது, கிரெஸ்கென்ஸ் ஒருவனைத்தான் ‘வாழ்க’ என்கிறது.