ஒரு முற்றத்தில் வெயில், அடுத்ததில் மழை: இல்லாத வீட்டை அளவோடு வரைவது எப்படி?

கற்பனைக் கட்டடம் வரையத் தொடங்குபவர்கள் பலர் முதல் தாளிலேயே மிதக்கும் கோபுரம், முடிவில்லாத படிக்கட்டு என்று இறங்கிவிடுகிறார்கள். அதில் கற்பனைக்குக் குறையிருக்காது; அளவுதான் இருக்காது. பார்ப்பவர் எங்கே நிற்கிறார், தரை எவ்வளவு தூரம் போகிறது, தூண் எத்தனை அடி என்ற மூன்றும் பிசகாமல் இருந்தால், அதற்குமேல் நீங்கள் சேர்க்கும் ஒரு பொய்யைக் கண் தானாகவே ஏற்றுக்கொள்ளும்.

இத்தாலியக் கலைஞர் பிரனேசி செய்தது இதுதான். 1750 வாக்கில் கற்பனைச் சிறைக்கூடங்களை 14 செப்புத் தகடுகளில் வெளியிட்டார். 1761இல் அதே தகடுகளைத் திரும்பச் செதுக்கி, இருளையும் படிகளையும் உத்தரங்களையும் கூட்டி, இரண்டு புதிய தகடுகளையும் சேர்த்தார். சில இடங்களில் படிகளும் பாலங்களும் உண்மையில் கட்டவே முடியாதபடி பின்னிக்கிடக்கும். ஆனால் கல் இணைப்பு, கயிறு, கம்பி எல்லாம் அச்சு அசலாக இருப்பதால் பார்ப்பவருக்குச் சந்தேகம் வராது.

இங்கே நாம் வரையப்போவது முற்றம் வைத்த ஒரு பழைய வீடு. முன்கூடத்து முற்றத்தில் உச்சி வெயில். அதை ஒட்டிய பின்கூடத்து முற்றத்தில் மழை. மீறுவது இந்த ஒரு விதியை மட்டுமே.

தேவையானவை

ஏ3 கார்ட்ரிட்ஜ் தாள் (தாளின் கனம் 150 ஜிஎஸ்எம்முக்குக் குறையாமல், பாரிமுனை ஆண்டர்சன் தெருப் பக்கம் பேப்பர் கடைகள் வரிசையாக இருக்கின்றன), 2ஹெச், ஹெச்பி பென்சில்கள், 60 செ.மீ. ஸ்கேல், செட் ஸ்கொயர், 0.1, 0.3, 0.5 மைப்பேனாக்கள், மாஸ்கிங் டேப், டிராயிங் போர்டு. சென்னைப் புழுக்கத்தில் கை வியர்வை பட்டால் தாள் உப்பும், மை இழுபடும். கைக்கு அடியில் ஒரு வெற்றுத் தாளை எப்போதும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு நிஜ முற்றம்

முற்றம் வைத்த வீட்டுக்குள் போய் நின்று பார்க்க எளிய இடம் சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ரா அருங்காட்சியகம். அங்கே ஒரு செட்டிநாட்டு வீட்டையே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். படம் வரைய அவசரப்படாமல் அளவுகளைக் குறியுங்கள்: தூண் உங்கள் கைப்பிடிக்கு எத்தனை சுற்று, தாழ்வாரம் எத்தனை தப்படி, முற்றம் எவ்வளவு இறக்கம். கீழே உள்ள கணக்குக்கு நாங்கள் வசதியான அளவுகளை எடுத்திருக்கிறோம்: கூடம் 18 அடி அகலம், 18 அடி ஆழம், 12 அடி உயரம்.

படி 1: சட்டமும் கண்மட்டமும்

தாளைப் படுக்கைவாட்டில் ஒட்டி, நடுவில் 36 செ.மீ. அகலம், 24 செ.மீ. உயரத்தில் ஒரு சட்டம் போடுங்கள். அதில் 2 செ.மீ. என்பது 1 அடி. நிற்பவரின் கண் 5 அடி உயரம் என்று வைத்தால், சட்டத்தின் அடிக்கோட்டிலிருந்து 10 செ.மீ. மேலே கண்மட்டக் கோடு. அதில் சட்டத்தின் இடது ஓரத்திலிருந்து 14 செ.மீ. தள்ளி மறையும் புள்ளி (ஆழத்தை நோக்கிப் போகும் கோடுகளெல்லாம் குவியும் இடம்). நட்டநடுவில் வைத்தால் படம் விறைத்து நிற்கும்.

அதே கண்மட்டத்தில் மறையும் புள்ளிக்கு வலப்பக்கம் 28 செ.மீ. தள்ளித் தொலைவுப் புள்ளி (பார்ப்பவர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்பதைக் குறிப்பது). அது தாளுக்கு வெளியே 3 செ.மீ. போய்விடும். பக்கத்தில் ஒரு கழிவுத் தாளை டேப்பால் ஒட்டி அதில் குறியுங்கள். இடமில்லையே என்று அதைத் தாளுக்குள் இழுத்தால், முன்வரிசைத் தளக்கல் எல்லாம் நீண்டு, தரை உங்கள் பக்கம் சரிவதுபோல் ஆகிவிடும். தொடங்குபவர்கள் அதிகம் செய்யும் தவறு இது.

படி 2: தரை

அடிக்கோட்டை 4 செ.மீ.க்கு ஒன்றாக 9 பங்காக்குங்கள். ஒவ்வொன்றும் 2 அடித் தளக்கல். எல்லாக் குறிகளிலிருந்தும், இரு மூலைகளிலிருந்தும் மறையும் புள்ளிக்குக் கோடு. பிறகு இடது கீழ் மூலையிலிருந்து தொலைவுப் புள்ளிக்கு ஒரே ஒரு சாய்கோடு. அது மற்றக் கோடுகளை வெட்டும் இடமெல்லாம் ஒவ்வொரு வரிசையின் எல்லை. அங்கே படுக்கைக் கோடு இழுங்கள்.

சரிபார்க்க: அடிக்கோட்டிலிருந்து முதல் வரிசை 1.25 செ.மீ., இரண்டாவது 2.2, மூன்றாவது 3.0, நான்காவது 3.6, ஒன்பதாவது 5.6. இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் பிசகினால் பென்சில் முனை மழுங்கியிருக்கிறது, அல்லது ஸ்கேல் மறையும் புள்ளியை விட்டு நகர்ந்திருக்கிறது. அங்கே ஒரு குண்டூசியைக் குத்தி, ஸ்கேலை அதில் சாய்த்து இழுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஒன்பதாவது வரிசையில் எழும் பின்சுவர் 15.75 செ.மீ. அகலம், 10.5 செ.மீ. உயரம் வரவேண்டும். மேல்தளத்துக்கு (கூரைக்கு) தனிக் கணக்கு வேண்டாம். சட்டத்தின் மேல்மூலைகளை மறையும் புள்ளியோடு சேர்த்து, தரை வரிசைகள் சுவரைத் தொடும் இடத்திலிருந்து நேர்குத்தாக ஏற்றினால் போதும்.

படி 3: முற்றமும் தூண்களும்

இடமிருந்து 3 முதல் 7ஆவது தளக்கல் வரை, முன்னிருந்து 4 முதல் 6ஆவது வரிசை வரை முற்றம். மேல்தளத்திலும் அதே கட்டங்கள் திறப்பு.

முற்றம் அரையடி இறங்கியிருக்கும். அந்த இறக்கத்தைக் கிட்டத்து விளிம்பில் வரையாதீர்கள். நாம் நிற்கும் இடத்திலிருந்து அது தெரியாது. எதிர் விளிம்பில் அரை செ.மீ. உயரத்துக்குத் தெரியும், இரு பக்கவாட்டிலும் ஒடுங்கித் தெரியும்.

நான்கு மூலையிலும் ஓரடித் தடிமனில் உருளைத் தூண்கள். முன்னிரண்டும் 1.4 செ.மீ. தடிமன், 16.8 செ.மீ. உயரம். பின்னிரண்டும் 1.1 செ.மீ., 12.9 செ.மீ. இடப்பக்கத்துப் பின்தூண் முன்தூணுக்குப் பின்னால் கொஞ்சம் மறையும். அழகுக்காக அதை நகர்த்தாதீர்கள். ஆழம் இருக்கிறது என்று கண்ணுக்குச் சொல்வதே அந்த மறைப்புதான்.

படி 4: பின்கூடம்

பின்சுவரில் 3 முதல் 7ஆவது தளக்கல் அகலத்துக்கு ஒரு திறப்பு: 8.75 செ.மீ. அகலம், 7 செ.மீ. உயரம். பின்சுவரின் இடது கீழ் மூலையிலிருந்து அதே தொலைவுப் புள்ளிக்கு இன்னொரு சாய்கோடு போட்டால், அடுத்த கூடத்தின் 9 வரிசைகளும் கிடைத்துவிடும். முன்கூடத்தைப்போலவே முற்றமும் தூண்களும் அங்கேயும். முன்தூணின் தடிமன் இப்போது முக்கால் செ.மீ.தான். அதன் கூரைத் திறப்பு நமக்குத் தெரியாது. சுவரின் மேற்பகுதி மறைத்துவிடும்.

படி 5: வெயிலும் மழையும்

சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் உச்சிப்பொழுதில் சூரியன் ஏறக்குறைய நேர் தலைக்குமேல் வரும். அந்த வெளிச்சத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: கூரைத் திறப்பின் வடிவம் அப்படியே முற்றத் தரையில் விழும், சாய்ந்த நிழல் கணக்கு எதுவும் தேவையில்லை. முற்றத்தைத் தாளின் வெள்ளையாகவே விடுங்கள். தாழ்வாரத் தரைக்குப் படுக்கைக் கோடுகள், சுவருக்குக் குத்துக் கோடுகள், மேல்தளத்துக்கு மிக நெருக்கமான கோடுகள். தூணின் முற்றம் பார்த்த பக்கம் வெளிச்சம், மறுபக்கம் இருட்டு. இதற்கெல்லாம் 0.3 பேனா, முன்தூண்களின் வெளிக்கோட்டுக்கு மட்டும் 0.5.

பின்கூடத்துக்கு 0.1 போதும். மழைநாளின் மங்கல் வெளிச்சத்தில் அழுத்தமான நிழல் விழாது. எல்லாம் ஒரே சாம்பல். மழையை ஸ்கேல் வைத்து, இடைவெளி சீராக இல்லாமல், நடுநடுவே அறுபடும் குத்துக் கோடுகளாக இழுங்கள். அது முற்றத்துக்குள் மட்டும்தான் பெய்கிறது: பின்தூண்களுக்கு முன்னால் மழைக்கோடு வரும், முன்தூண்களின் மேல் வரக்கூடாது. இங்கே ஒரு கோடு தவறினாலும் மழை கண்ணாடியில் ஒட்டிய கீறலாகிவிடும்.

திறப்பில் ஓர் ஆளை நிறுத்தினால் அவர் கண் கண்மட்டக் கோட்டில் இருக்கவேண்டும், எவ்வளவு தூரத்தில் நின்றாலும். மை போட்டபின் அரை மணி நேரம் காயவிட்டு, அதற்குப் பிறகே பென்சில் கோடுகளை அழியுங்கள்.

அடுத்த தாளில் இதே வீட்டைத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தவர் கண்ணால் வரைந்து பாருங்கள். கண்மட்டத்தை 5 செ.மீ.க்கு இறக்கினால் வரிசை அளவுகள் பாதியாகும்: 0.6, 1.1, 1.5, 1.8. தரை ஒடுங்கும், தூண்கள் ஓங்கும். அதே 12 அடிக் கூடம் கோயில் மண்டபமாகத் தெரியும்.