முடிச்சு போடாத பயத்தங்காய்

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக் சமூகத் தோட்டத்துப் பாத்தியில் பயத்தங்காய் இலை வெளுத்து, கொடி ஏறாமல் நின்றது. ஒரு செடியைப் பிடுங்கினேன். வேரில் ஒரு முடிச்சுகூட இல்லை. பாத்தியில் நிரப்பிய பை மண் பெரும்பாலும் தேங்காய் நார்த்தூள். வேரில் முடிச்சு உண்டாக்கி, அதற்குள் இருந்தபடி காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜன்) செடிக்குப் பிடித்துத் தருவது ரைசோபியம் என்ற பாக்டீரியா. பயறுக்கேற்ற ரைசோபியம் அதில் எங்கிருந்து வரும்?

அடுத்த விதைப்பில் ரைசோபியத்தோடு பாஸ்போபாக்டீரியாவும் சேர்த்தேன். காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடிப்பது ஆற்றலை விழுங்கும் வேலை. மணிச்சத்து (பாஸ்பரஸ்) இல்லாமல் ஆகாது. கரையாமல் கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துக் கொடுப்பது பாஸ்போபாக்டீரியா. வேர் எட்டாத இடத்திலிருந்து அதை இழுத்து வருவது மைக்கோரைசா என்ற வேர்ப்பூசணம்; அதையும் எடுத்துக்கொண்டேன்.

ஆறிய கஞ்சியில் இரண்டு பாக்டீரியாப் பொடிகளையும் குழைத்து, விதை மேல் மெல்லிய கறுப்புப் பூச்சு படியும்வரை புரட்டி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி, அன்றைக்கே ஊன்றினேன். கஞ்சி சூடாக இருந்தால் பாக்டீரியா செத்துவிடும், வெயிலும் ஆகாது. மைக்கோரைசாவைக் குழியில், விதைக்குச் சற்றுக் கீழே போட்டேன். பூஞ்சைக்கொல்லி பூசிய விதை வேண்டாம். யூரியா பக்கமே போகவில்லை. தழைச்சத்து சும்மா கிடைத்தால் செடி எதற்கு முடிச்சு போடும்?

பூ வரும் சமயம் ஒரு முடிச்சை நகத்தால் கீறினேன். உள்ளே இளஞ்சிவப்பு! அது முடிச்சுக்குள் இருக்கும் லெக்ஹீமோகுளோபின் என்ற புரதத்தின் நிறம். முடிச்சு வேலை செய்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் பயனில்லை.

அப்புறம், டிசம்பர் மழையில் தண்ணீர் தேங்கினால் முடிச்சு மூச்சுத் திணறும். பாத்தியைச் சற்று உயர்த்திவிடுங்கள்.